சிக்காகோ வென்ற மாலையும் தங்கேஸ்வரியின் பொட்டும்

சிரியுங்கள் சபையோரே, தாராளமாகச் சிரியுங்கள்! சற்று முன் பொன்னாடையோடு ஒருவர் மேடையேறி வரக் கண்டதும் நான் எழுந்து கழுத்தை நீட்டினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், எனக்குப் பின்னால் நின்ற பிரதம விருந்தினருக்குப் போர்த்தினார். நீட்டிய கழுத்தை நொடியில் உள்ளே இழுக்க ஆமைக்கு முடியும், மாமாங்கம் என்று பெயர்கொண்ட எனக்கு முடியுமா? கொலரைச் சரிசெய்வதுபோல் நடித்தேன். முன்வரிசையில் என் மனைவி நாகேஸ்வரி தலையில் கைவைத்ததை மண்டபமே பார்த்தது. நல்லதாய்ப் போயிற்று. மானம் முதலிலேயே விடைபெற்றுவிட்டதால் இனி மயக்கமின்றிப் பேசலாம்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தைக் கண்ணின் இமைபோல் காத்துவரும் சபைத் தலைவர் கனகசிங்கம் அவர்களே! பொன்னாடைக்கு மெய்யாகவே உரியவரான பிரதம விருந்தினர், மிசிசாகாவிலிருந்து மழையில் கார் ஓட்டி வந்த டொக்டர் மோகனசுந்தரம் அவர்களே! மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் பலகாரமுமாக வந்திருக்கும் தாய்மார்களே! காலை முழுதும் களத்தில் காலுதைத்துக் களைத்திருக்கும் காளையரே! எல்லோருக்கும் என் இரு கரம் கூப்பிய வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. படித்தவர்கள் நிறைந்த சபையில் என்னை ஏன் ஏற்றினார்கள்? இன்று வழங்கப்படும் வெற்றிக் கிண்ணம் என் சகலன் தங்கத்துரையின் பெயரில் வழங்கப்படுகிறது. என் மனைவியின் தங்கை தங்கேஸ்வரியின் கணவர். மட்டக்களப்பில் பிறந்து கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர். அந்தக் கந்தோரின் உதைபந்தாட்ட அணிக்குக் கோல்கீப்பர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஒரு காலை வேலைக்குப் போனவர், மாலை வீடு திரும்பவில்லை. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. இருக்கிறாரா? இல்லையா? இந்தக் கேள்வியோடுதான் அடுத்த வருஷம் தங்கேஸ்வரி இங்கே ரொறன்ரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவளைக் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். “சொல்லுங்க அத்தான். ஆனா என்னப் பாவம் எண்டு ஆரும் பாக்கிற மாதிரிச் சொல்லாதீங்க” என்றாள். ஆகவே தாய்மார்களே, அந்தப் பக்கம் திரும்பி ‘உச்’ கொட்ட வேண்டாம்.

எண்பத்து நான்கு ஐப்பசி பிறக்கப்போகும் காலம். வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் இறுதித் தொடர். நமது ரொறன்ரோவும் சிக்காகோவும். முதல் ஆட்டத்தைச் சிக்காகோ தன் ஊரில் வென்றுவிட்டது. இரண்டாவது இங்கே, வார்சிட்டி ஸ்டேடியத்தில். கோல்கீப்பரின் மனைவிக்குப் பந்தைப் பார்த்தால் முகம் மலராதா என்று நினைத்தேன். மூவருக்கும் டிக்கெட் எடுத்தேன். பாருங்கள், இந்த மூளை வேலை செய்யும் அழகை!

மைதானத்து வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தோம். நான், என் மனைவி, தங்கேஸ்வரி. அவளுக்கு அப்பால் ஓர் ஆள் இருக்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆட்டம் தொடங்கப்போகிறது. தங்கேஸ்வரி எட்டி என் சட்டைக் கையைத் தொட்டாள்.

“அத்தான், இந்த மெட்ச நான் பூவா வச்சிருக்கன். ரொறன்ரோ வெண்டா அவர் இருக்கார். நீங்கதான் சாட்சி.”

எங்கள் பக்கத்தாருக்கு விளங்கும். டொக்டர் ஐயாவுக்காகச் சொல்கிறேன். மனத்தைக் குடையும் கேள்வி ஒன்று வந்தால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொதிந்து சுவாமி முன் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்போம். எந்தப் பூ வருகிறதோ அதுவே வாக்கு. ஒருமுறைதான் கேட்கலாம். வந்ததை மறுக்க முடியாது. இவளோ ஓர் உயிரை, தன் கணவனின் உயிரை, இருபத்திரண்டு பேர் உதைக்கும் பந்துக்குள் பொதிந்து வைத்துவிட்டாள்!

“விசராகா உனக்கு?” என்றாள் அவளின் அக்கா.

“வச்சது வச்சாச்சு” என்றாள் தங்கேஸ்வரி.

அந்தக் கணத்திலிருந்து அது விளையாட்டா? ஆரவாரம் அத்தனையும் எங்கோ கிணற்றுக்கு அடியில் கேட்பதுபோல் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் புல் பச்சையாக இல்லை, நீலம் பாரித்துக் கிடந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் நாலு நிழல். சிக்காகோ ஒரு கோல் போட்டது. பின் இன்னொன்று. தங்கேஸ்வரி அசையவில்லை. குளிரில் எங்கள் மூச்செல்லாம் புகையாகப் போக, அவள் மூச்சு மட்டும் புகையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று என்னையே தேற்றினேன்.

முன் வாங்கில் ஓர் இத்தாலியக் கிழவர் இருந்தார். வறுத்த கடலைப் பையை எடுத்தார். திரும்பி எனக்கு நீட்டினார், ஒரு பிடி எடுத்தேன். என் மனைவிக்கு நீட்டினார். தங்கேஸ்வரிக்கு நீட்டினார், அவள் தலையாட்டி மறுத்தாள். பிறகு, சபையோரே, அந்த வெற்றிடத்துக்கு நீட்டினார். ஓர் ஆள் பையில் கைவிட்டு அள்ளி எடுக்கும் அளவு நேரம் கை நீட்டியபடியே நின்றது. முகத்தில் ஒரு சிரிப்பு. ஏதோ நன்றி கேட்டவர்போலத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

என் வாய்க்குள் போன கடலை வாய்க்குள்ளேயே நின்றது.

“பாத்தியாகா?” என்று மனைவியின் காதில் கேட்டேன்.

“மனிசனுக்குக் கண் தெரியாதாக்கும். நீங்க மெட்சப் பாருங்க” என்றாள். அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கிய இறுக்கில் கைத்தடம் பதிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் ரொறன்ரோ ஒன்று போட்டது. மைதானம் எழுந்தது. மூச்சு வாங்க முன்னே இன்னொன்றும் போட்டது. சமம்! கிழவர் துள்ளித் திரும்பி எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கு, என் மனைவிக்கு, தங்கேஸ்வரிக்கு. அப்புறம் அந்த வெற்றிடத்தில் காற்றைப் பிடித்துக் குலுக்கினார். தங்கேஸ்வரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அச்சமில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்ததுபோல் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

பின்வரிசையில் யாரோ “பேய்க்கதை அண்ணை!” என்கிறீர்கள். தம்பி, பேய்க்கதையாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயமிராது.

நீங்களெல்லாம் அறிந்த முடிவுதான். ஆட்டம் முடியும் தறுவாயில் சிக்காகோ மூன்றாவதைப் போட்டது. மூன்றுக்கு இரண்டு. கிண்ணம் போனது. கிழவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பினார், எங்கள் வரிசையைப் பார்த்தார், முகம் சுருங்கிற்று.

“உங்கட மற்ற ஆள் எங்கே?” என்று இங்கிலீசிலே கேட்டார்.

தங்கேஸ்வரிக்கு அப்போது தெரிந்திருந்த நாலைந்து இங்கிலீசுச் சொல்லில் ஒன்றை எடுத்துச் சொன்னாள்.

“கோன்.” போய்விட்டார் என்று.

வீடு திரும்பும் சப்வேயில் நெரிசல். ஆனாலும் அவளுக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நிற்கிறவர்கள் நின்றார்கள். சுரங்கத்துக்குள் இருண்ட கண்ணாடி முகம் காட்டிற்று. அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி பெருவிரலால் நெற்றிப் பொட்டை அழித்தாள். அழித்துவிட்டுக் கண்ணாடிக்குள் அடுத்த ஆசனத்தையும் ஒருமுறை பார்த்தாள். நான் பார்க்கவில்லை. வீரனென்று என்னை யார் சொன்னது?

அந்தக் குளிர்காலம், அன்பர்களே! உடல் இல்லாத செத்தவீடு எங்கள் வீடு. அமாவாசை தோறும் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்தாள். ஒரு காகம் வந்தது. பனிமூடிய கம்பியில் இருந்தது. சோற்றைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வாய் வைக்காமல் பறந்தது. அடுத்த அமாவாசையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. படைத்த சோற்றை ஏற்க ஆளில்லையா? அல்லது படைக்கப்பட்டவர் அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லையா? எதை நம்புவது? எவரைக் கேட்பது?

பங்குனி மாதம், ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்த பிளாஸ்டிக் பக்டரி, சாப்பாட்டு நேரம். ரேடியோவில் செய்தி. அந்த லீக்கில் அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், மிச்சம் இருந்ததை வைத்து நடத்த முடியாமல், லீக்கையே மூடிவிட்டார்களாம்! நாங்கள் பார்த்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்த லீக்கில் இன்னோர் ஆட்டம் நடக்கவேயில்லை. சபையோரே, எண்ணிப் பாருங்கள்! விளக்கு எரிந்தது, கொடி பறந்தது, கூட்டம் கூவியது. உள்ளே அது செத்துக்கொண்டிருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரு மரணப் படுக்கையைச் சுற்றியிருந்து கைதட்டியிருக்கிறோம்! அதோடு என் மரமண்டைக்குள்ளும் ஏதோ பளிச்சிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். சப்பாத்தும் கழற்றவில்லை.

“பிள்ளை, நீ கேட்டது செத்துக்கொண்டிருந்த ஒண்டிட்டத்தான்! அந்த லீக்கே இல்லையாம்!”

வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. அப்புறம் மெல்லச் சொன்னாள்:

“அப்ப அது வாடின பூ, அத்தான்.”

தாய்மார்கள் தலையசைக்கிறீர்கள். ஓம், எங்கள் வழக்கம் அதுதான். வாடிய பூவைப் பொதிந்து கேட்டால் வந்தது வாக்காகாது. கை கழுவினாள், சுவாமி அறைக்குள் போனாள், வரும்போது நெற்றியில் பொட்டு இருந்தது. அன்று தொட்டு இன்று வரைக்கும் இருக்கிறது. அடுத்த அமாவாசைக்குச் சோறு வைக்கவில்லை. காகம் வந்து கம்பியில் இருந்துவிட்டுப் போனது.

தங்கத்துரை உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்கிறேனா? இல்லை. எனக்குத் தெரியாது. அந்தக் கிழவர் யாருக்குக் கடலை நீட்டினார், அதுவும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நடுவர் விசில் ஊதாத ஆட்டத்தை முடிந்தது என்று எழுத நாம் யார்? களத்தில் நின்றோமா? கண்ணால் கண்டோமா? இங்கே எத்தனை வீடுகளில் இப்படி ஒரு நாற்காலி வெறுமையாகக் கிடக்கிறது! பார்த்துப் பார்த்துக் களைத்தது நாம். நம் களைப்பு அவர்களின் மரணம் ஆகுமா? காத்திருப்பவள் காத்திருக்கட்டும்! அவளுக்குப் பக்கத்து இடத்தை நாம் போய் நிரப்பவேண்டாம், நகர்ந்து இடம் விடுவோம்!

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். என் மகளும் “அப்பா, ஷோர்ட்டா” என்று சொல்லித்தான் அனுப்பினாள். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பலகாரம் ஆறுவதைப் பொறுத்த தாய்மாருக்கும், இன்று தோற்ற அணிக்கும் வென்ற அணிக்கும் நன்றி. வென்ற அணியின் தலைவர் முன்னே வாருங்கள், தம்பி. தங்கேஸ்வரி, நீயும் எழும்பி வாகா, உன் கையாலே குடு. இதோ, இந்த ஆண்டின் தங்கத்துரை வெற்றிக் கிண்ணம்! எல்லோருக்கும் வணக்கம்!

தலைவரே, என்ன, கிண்ணத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறீர்கள்? ஓம், வாசித்தேன். காலமானவர்களின் பெயருக்கு முன்னால் போடும் ஒரு சொல்லை அதில் பொறித்திருக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை, அண்ணை. சொல்லவில்லை.