கொடுத்து வைத்தவள்

யுத்த காலம். தூத்துக்குடியில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இரண்டு பெண்கள். இருவருடைய கணவன்மாரும் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

"ஏளா, எங்க வீட்டு ஆளு கப்பலும் முங்கித் தொலஞ்சிருக்கலாம்."

"என்ன மைனி பேச்சு இது?"

"பின்னே? உங்க கப்பலை சப்மரீன் அடிச்சுது, உன் புருஷன் வீடு வந்து சேந்துட்டாக. காலையில வாசல்ல நின்னு பல்லு வெளக்குதாக. பாக்கப் பாக்க என் வயிறு எரியுது. யுத்தம் தொடங்குனதுல இருந்து எங்க ஆளு மொகத்தை நான் பாக்கல."

"வந்தாகதான். மிதக்குத சட்டையைக் கழத்தாமத்தான் தூங்குதாக. தண்ணியில கெடந்து கத்துனப்போ கூட வந்த கப்பலெல்லாம் நிக்காமப் போயிட்டுதாம். நின்னா அதையும் அடிச்சிருவானாம். நிக்கக் கூடாதுன்னு உத்தரவாம். பெறகு காவல் கப்பல் வந்துதான் தூக்குச்சாம்."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் மைனி. நிக்காமப் போனதுல உங்க வீட்டு அண்ணன் கப்பலும் ஒண்ணு. அண்ணன் மேல்தட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, இவுகளைப் பாத்துக்கிட்டே போனாகளாம்."

சண்டை பார்க்க நான் தயாரானேன். மூத்தவள் டின்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"மெலிஞ்சிருந்தாகளாமா?"

இளையவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உன் புருஷன் கொடுத்து வச்சவுகதான் ஏளா. தண்ணியில கெடந்தாலும் எங்க ஆளைக் கண்ணால பாத்துட்டாகல்லா."