வெளியிலிருந்து பட்ட சூடு

இங்கே போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த சாயா நல்ல சாயா. போனக்காட்டு மலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தூள் வாசனையிலேயே கிடந்து வளர்ந்தவன் சொல்கிறேன், நம்பலாம். கொஞ்சம் கடுப்பம் கூடுதல், அவ்வளவுதான்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக உங்கள் ரைட்டர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் நான் தமிழில் சொல்வதை அவர் மலையாளத்தில் எழுதும்போது, என்னைவிடக் கோபக்காரன் ஒருத்தன் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறான். நீங்கள் எல்லைப்பக்கம் பாறசாலைக்காரர், தமிழ் வாசிப்பீர்கள் என்றார்கள். அதனால் நானே எழுதுகிறேன் சார். எழுத்து எனக்கு மீசை நரைத்த பிறகு வந்தது, மெதுவாகத்தான் வரும்.

என் பெயர் சுவாமிதாஸ். தோட்டத்தில் வேலை குறைந்ததும் மலையிறங்கி வந்து இந்த ஊரில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறேன். மனைவி ராஜபாய் மலையில், தோட்டக்காரர்கள் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீட்டிலேயே இருக்கிறாள். ஒரே மகள் ஜிஷா. எங்கள் லயத்தில் எஞ்சினியரிங் காலேஜுக்குப் போனது அவள் ஒருத்திதான். அவள் கடைசி வருஷத்துக்கு வந்தபோது சபைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்துத்தான் கொடுத்தார். அதில்தான் அவள் பிராஜெக்ட் செய்தாள். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை என்று பேசி வைத்திருந்தார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம், இடவப்பாதி மழையில் லீவுக்கு வந்தாள். மழையில் வெள்ளையடிக்கிற வேலை இல்லாததால் நானும் மலையில்தான் இருந்தேன். மலையில் அந்த மழை நேரத்தில் பூஞ்சணம் பிடிக்காத சாமான் கிடையாது. செருப்பில் பிடிக்கும், தலையணையில் பிடிக்கும், பெட்டிக்குள் இருக்கும் கல்யாணப் புடவையிலும் பிடிக்கும். அதனால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே கம்பி கட்டி ஒரு பலகை தொங்கும். நனையக் கூடாதது எல்லாம் அதில்தான் இருக்கும். பைபிள், ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்ட்டிபிகேட். ஜிஷா படுத்தபிறகு நான் அந்த லேப்டாப்பைத் துணியில் சுற்றி அங்கே வைப்பேன். கவிழ்த்துத்தான் வைப்பேன். கரி விழுந்தால் முதுகில் விழட்டும், முகத்தில் விழவேண்டாம் என்று. காலையில் அவள் எழும்புமுன் எடுத்துக் கட்டிலருகே வைத்துவிடுவேன். குளிருக்கு ராஜபாய் அடுப்பை அணைய விடுவதில்லை. பைபிளுக்கு அங்கே ஒன்றும் ஆனதில்லை சார். அதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

லீவு முடியுமுன் திரையில் நடுவே மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது, கைதவறி மஞ்சள்பொடி கொட்டியதுபோல. அப்புறம் கறையைச் சுற்றிக் கருப்பு. அப்புறம் மேலிருந்து கீழே கோடுகள். எழுத்து எதுவும் வாசிக்க முடியாமல் ஆயிற்று.

தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது. நானும் ஜிஷாவும் போனோம். அங்கேதான் நாகேஸ்வரனை முதலில் பார்த்தேன். அவர்தான் அங்கே பெரிய எஞ்சினியர். கரமனை அக்ரகாரத்துக்காரர், சோடாபுட்டிக் கண்ணாடி. கிட்டத்தில் பார்க்கவேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் தொங்கவிட்டு, சாமானுக்குள் விழுவதுபோல முகத்தைக் கொண்டுபோவார். அப்படித்தான் எங்கள் லேப்டாப்பையும் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"நன்னா சூடு பட்டிருக்கே சேட்டா. எங்கே வெச்சிருந்தேள்?"

"வீட்டுலதான் சார்."

"வீட்டுல எங்கே? இது மேல பப்படம் கிப்படம் சுட்டேளா?"

நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "ரெண்டெண்ணம் இங்கோட்டும் தா சேட்டா" என்று தனக்கும் இரண்டு பப்படம் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். ஜிஷா தலையைக் குனிந்துகொண்டாள். என் மகளைப் பார்த்து ஒரு கூட்டம் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"வாரண்டி இருக்கு சார். வாங்கி வருஷம் ஆகல்ல."

"இருக்கு. வெளியிலேர்ந்து சூடு பட்டா அது செல்லாது. ரிப்போர்ட் அனுப்பறேன், முடிவு கம்பெனி சொல்லட்டும்."

படியிறங்கி ரோட்டுக்கு வந்ததும், குடையை மறந்துவிட்டேன் என்று ஜிஷா திரும்பவும் மேலே ஏறினாள். ஆட்டோக்காரர்களோடு நான் கீழே நின்றேன். அவள் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது. மேலே யாரோ மறுபடியும் சிரித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மதி அப்பா, போதும், இதை விட்டுருங்க" என்றாள். நான் விடவில்லை.

பெங்களூரில் லேப்டாப் கம்பெனிக்கு ஒரு போன் நம்பர் உண்டு. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண்குரல் சொல்லும். பிறகு பாட்டு போடுவார்கள். அவள் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் நான்தான் அவளை பூத்துக்குக் கூட்டிப்போவேன். அவள் உள்ளே இங்கிலீஷில் பேசுவாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் வாயைப் பார்ப்பேன். எப்போது பார்த்தாலும் அவள் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பாள், கேட்கிறவள்போல இல்லை, ஒத்துக்கொள்கிறவள்போல. கடைசியில் பதில் வந்தது. வெளியிலிருந்து பட்ட சூடு, மாற்றித் தர இயலாது.

அந்தச் சாமான் மடியில் வைத்தாலே தொடையைச் சுடும் சார். சூட்டை உள்ளேயே வைத்துச் செய்து விற்றுவிட்டு, வெளியிலிருந்து வந்தது என்கிறார்கள். அதை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது நாகேஸ்வரன். இப்படித்தான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

பிராஜெக்ட் நேரத்துக்கு முடியவில்லை. டெக்னோபார்க் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஜிஷா இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில், வாடிக்கைக்காரர்கள் கலைத்துப்போட்ட புடவைகளை மடித்து அடுக்குகிறாள். யாரையும் அவள் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்புறம் நான் ஒன்றும் அவசரப்படவில்லை. நாகேஸ்வரன் வேலை முடிந்து எந்த பஸ்ஸில் ஏறுகிறார் என்று பார்த்தேன். அதே பஸ்ஸில் ஏறிக் கரமனையில் இறங்கி, எந்த வீடு என்று பார்த்தேன். அந்தத் தெருக்களில் நவராத்திரிக்குக் கொலு வைக்குமுன் வெள்ளையடிப்பார்கள். அது எனக்குத் தெரியும். புரட்டாசி பிறந்ததும் அந்தத் தெருவிலேயே வேலை கேட்டேன். முதலில் எதிர்வீடு, பிறகு பக்கத்து வீடு. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வெள்ளையடித்ததில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு துளி விழவில்லை. நாகேஸ்வரனின் மனைவி திவ்யலட்சுமி தானே வந்து, "எங்காத்துக்கும் அடிச்சுத் தரேளா மேஸ்திரி?" என்று கேட்டார்கள். தருகிறேன் என்றேன்.

சுண்ணாம்பு நீற்றுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், சொல்கிறேன். சுட்ட கிளிஞ்சலை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். தீ வேண்டாம். தண்ணீர் பட்டதும் அது தானே கொதிக்கும், தெறிக்கும். ஊற்றியவன் எட்டி நின்று நீளக் கம்பால் கிளறுவான். முகத்தைக் கிட்டே கொண்டுபோக மாட்டான். இது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது.

அன்றைக்கு நாகேஸ்வரனுக்கு லீவு. கிளிஞ்சலை டிரம்மில் கொட்டி வைத்திருந்தேன், தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை. கொல்லைப்பக்கம் எனக்குக் காப்பி கொண்டுவந்தது அவரேதான். என் தலையில் துண்டு, முகமெல்லாம் வெள்ளை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தன் டம்ளரோடு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிற மனிதர்.

நான்தான் கேட்டேன். "சார் லேப்டாப் ரிப்பேர் பாக்குற ஆளுன்னு சொன்னாவ. அதுல சூடு உள்ள இருந்து வந்ததா, வெளிய இருந்து வந்ததான்னு எப்படி சார் தெரியும்? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன்."

"பார்த்தாலே தெரியும் மேஸ்திரி. உள்ளே சூடானா ஃபேன் பக்கம் போயிருக்கும். வெளிச்சூடுன்னா திரைக்குப் பின்னாலே இருக்கற ஷீட் அப்பளமா நெளிஞ்சிருக்கும்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "போன வருஷ மழைக்கு ஒரு கேஸ் வந்தது. போனக்காட்டுப் பொண்ணு. திறந்தா ஒரே அடுப்புப்புகை வாசனை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, பப்படம் சுட்டேளான்னு கேட்டுட்டேன். கீழே போன பொண்ணு தனியா திரும்பி வந்தா. அப்பாதான் நனையக் கூடாதுன்னு ராத்திரி அடுப்புக்கு மேலே வெச்சார், எனக்குத் தெரிஞ்சும் அவர் ஆசையைப் பார்த்து எடுக்க மனசு வரலை, அவராலேதான் கெட்டதுன்னு அவருக்குத் தெரியவே கூடாது சார்னு அழுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? சரின்னேன். ரிப்போர்ட்ல வெளிச்சூடுன்னு மட்டும் எழுதினேன், அடுப்புன்னு எழுதலை. தயவு பண்ணி மாத்திக் கொடுங்கோன்னு கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தேன், முடியாதுன்னுட்டா. அந்த அப்பா என்னைச் சபிச்சிருப்பார். போறது. அவர் என்னைத் திட்டிண்டு நிம்மதியா இருக்கட்டும்."

அதுவரை எனக்கு அவர்மேல் இருந்தது ஒரு கோபம். பொய் சொன்னவன்மேல் வருகிற கோபம். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் நடமாடலாம், சாப்பிடலாம், தூங்கலாம். அவர் பேசி முடித்ததும் அது போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது வேறு. என் பிள்ளை இவரிடம் போய் எனக்காகக் கெஞ்சியிருக்கிறாள். இவர் சரி என்றிருக்கிறார். ஒரு வருஷமாக இரண்டுபேருமாக என்னைக் குழந்தைபோல ஏந்தி வைத்திருக்கிறார்கள். காப்பி குடித்துக்கொண்டே அதைச் சொல்கிறார். போறது என்கிறார். நீங்களே சொல்லுங்கள் சார், யாருக்குத்தான் பொறுக்கும்.

"சார், டிரம்முக்குள்ள அடியில கட்டி ஏதாவது கிடக்கா, கொஞ்சம் பாக்கீங்களா? எனக்குக் கண்ணு மங்கல்" என்றேன்.

"இருங்கோ பாக்கறேன்" என்று எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் தொங்கவிட்டார். அதற்குத்தான் நான் காத்திருந்தேன். அவர் நன்றாகக் குனியும்வரை பொறுத்தேன். பிறகு வாளித் தண்ணீர் முழுவதையும் ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்து தெரியாது.

தண்ணீர், தண்ணீர் என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினது நான்தான். திவ்யலட்சுமி அம்மா ஓடிவந்து, கொல்லையில் இருந்த குடங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார்கள். எல்லாம் காலி. அவர் காப்பி கொண்டுவருமுன்பே காலி செய்தது நான். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வைத்ததும் நான். அதனால் நான் இதை அவர் சொன்ன பேச்சில் புத்திகெட்டுச் செய்தேன் என்று யாரும் எழுதவேண்டாம். நினைத்துத்தான் வந்தேன். அவர் பேசியபோது கையை நிறுத்தியிருக்கலாம், அதற்கு நேரமும் இருந்தது. நிறுத்தவில்லை.

இரண்டு கண்ணும் போயிற்று என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லாரும் அதை விபத்து என்றார்கள். அவரே அப்படித்தான் சொன்னாராம், மேஸ்திரி பேரில் தப்பில்லை, நான்தான் குனிந்தேன் என்று. உங்கள் ஆட்களும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பினார்கள். அது அப்படியே முடிந்திருக்கும்.

ஆனால் திவ்யலட்சுமி அம்மா நான் தங்கியிருக்கும் இடம் விசாரித்து வந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அந்த மேஸ்திரி மனசு கஷ்டப்படுவார், ஒருதரம் அழைச்சுண்டு வான்னு இவர் சொல்லிண்டே இருக்கார். வாங்கோ, உங்ககிட்டே ரெண்டு வார்த்தை சொன்னா அவருக்கு ஆறும்" என்றார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு நேரே இங்கே வந்தேன். ஒரு தடவை அவர் என்னை மன்னித்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. இரண்டாவது தடவை அதற்கு நான் விடமாட்டேன். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று நீங்கள் போய் அவரிடம் சொல்லவேண்டும். என் பெயரைச் சொல்லி, போனக்காட்டுப் பெண்ணின் அப்பா என்று சொல்லவேண்டும். விபத்து என்று நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இன்று காலையில் ஜிஷா வந்தாள். நீங்கள்தான் பார்க்க விட்டீர்கள், அதற்கு நன்றி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது யாருன்னு தெரிஞ்சுதான் அந்த வீட்டுக்குப் போனீங்களா அப்பா?"

"ஆமா மக்ளே."

"அவர் உங்ககிட்ட... வேற எதாவது சொன்னாரா? அந்த லேப்டாப்பைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல்ல மக்ளே. அவரு என்ன சொல்லதுக்கு இருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக மூச்சு விட்டாள். எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் அவள் திரும்பிப் போயிருக்கிறாள். நான் எழுதிய இதை அவளுக்குக் காட்டவேண்டாம் சார், இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன். அவள் மனசு நோகக்கூடாது. பிறந்த நாளிலிருந்து அவள் மனசு நோகும்படி நான் ஒன்றும் செய்ததில்லை.