ஹெல்மெட் கழற்றிய மாப்பிள்ளை

“மாப்பிள்ளை மூஞ்சிய இன்னைக்காச்சும் பாருங்க” என்று முன் இருக்கை அம்மாள் தன் கணவரிடம் சொன்னார். தூங்கும் மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நான் காது கொடுத்தேன். தவறுதான்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வரும் டவுன் பஸ். அம்மாள் மடியில், அவர் மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வீடியோ கேசட்.

“எனக்கெதுக்கு? ஓடி வர்றவனை முட்டிச் சாய்க்கறது ஒரு வேலையா? பொள்ளாச்சிச் சந்தையில மாடு சும்மாவே முட்டுது.”

“இப்ப முட்டறதில்லீங்க, கோச் ஆயிட்டாரு. அந்த அமெரிக்க ஃபுட்பால் ஆடற வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சியே தெரியல. இனி வெறுந்தலையோட ஓரமா நின்னு சொல்லிக்குடுப்பாராம்.”

“கல்யாண போட்டோவுலயே பாத்திருக்கலாமே.”

“எங்கீங்க பாத்தேன்? நீங்கதான் கவரோட கிழிச்சுப்போட்டீங்களே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பக்கத்து ஊட்டுல டெக்குல போட்டுக் காட்டறாங்க. ஒருக்கா வந்து என்கூட உக்காருங்க. எத்தனை கேசட்டுத்தான் நான் தனியாவே பாக்கறது?”

“பட்டறையில வேலை கெடக்குது.”

கணபதியில் பஸ் நின்றது. பட்டறைக்குப் போக எழுந்தவர் படியருகே நின்று திரும்பினார்.

“நடக்கறப்ப அந்த வலது முழங்கால் நொண்டுதான்னு மட்டும் பாத்து வை.”

இறங்கிவிட்டார். பஸ் கிளம்பியது. அம்மாள் காலி இருக்கையைப் பார்த்தபடி சொன்னார்:

“முழங்கால்ல அடிபட்டதை நான் சொல்லவே இல்லியே. மக கடுதாசியிலதானே இருந்துச்சு. அதைத் தொடவே மாட்டேன்னுட்டாரே.”