நாலாம் கட்டிலுக்குப் பால்

ராத்திரி மணி ஒன்பதரை. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிப் போகிற மண் ரோடு... ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாழைத் தோட்டம், நடுவில் ஒற்றை ஜட்கா. முப்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. இதோ, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கிறானே தர்மராஜ், அவனுடைய பெரியம்மாவுக்கு நடந்தது. நடுவில் யாராவது சிரித்தால் அவனுக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்... ஆயிற்றா? சரி.

ஜட்காவில் இருந்தவள்தான் அந்தப் பெரியம்மா, டோரதி. தாழம்பாடி தர்ம ஆஸ்பத்திரி நர்ஸ். பெயர்தான் ஆஸ்பத்திரி. ஓடு போட்ட நீளமான கூடம், ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, பின்பக்கம் நர்ஸுக்கு ஓர் அறை. அவ்வளவுதான். சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்று டாக்டர் சித்திரையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார். சனிக்கிழமை மட்டும் திருச்சியிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் டோரதியும் வாட்ச்மேன் ராசப்பனும்தான். அந்த வாட்ச்மேன் லட்சணம், பொழுது சாய்ந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. வீட்டுக்குப் போய்விடுவான்.

அன்று பகல் முழுக்க அவள் திருச்சியில், உதவித் தொகை கொடுக்கிற ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்தாள். கடைசியில் குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்.

“நாலு கட்டிலாவது நெறைஞ்சிருக்கணும்மா. அதான் ரூல். உங்க ஊர்ல எப்பப் பார்த்தாலும் மூணு. அடுத்த வியாழக்கிழமை அதிகாரி வர்றார். அன்னிக்கும் மூணுன்னா, மாசக் கடைசியோட கதவைச் சாத்திட வேண்டியதுதான்.”

“கதவைச் சாத்திட்டா பிள்ளைத்தாச்சிங்க எங்கே சார் போவாங்க?”

“ஆஸ்பத்திரி வர்றதுக்கு முந்தி எங்கே போனாங்களோ, அங்கே.”

எங்கே போனார்கள் என்பது டோரதிக்குத் தெரியும். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதில் படுக்கவைத்து, ஸ்ரீரங்கம் தாண்டி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சிக்கு. போய்ச் சேர்ந்தவர்கள் சிலர். வழியிலேயே போய்விட்டவர்கள் சிலர். ஏழு வருஷத்தில் அவள் கையில் இருநூறு குழந்தைகளுக்கு மேல் பிறந்திருந்தன. அவளுக்கென்று ஒரு குழந்தை இல்லை, ஒரு குடும்பம் இல்லை. அந்த ஆஸ்பத்திரி போனால் அவளிடம் மிஞ்சுவது ஒரு டிரங்குப் பெட்டி மட்டும்தான்.

இந்த யோசனையிலேயே வந்தவள், வண்டி நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

“இதுக்கு மேல வரமாட்டேம்மா” என்றார் ஜட்காக்காரர் அப்துல் மாலிக். “குதிரை காதை வெடைச்சுக்கிட்டு நிக்குது பாருங்க.”

“இன்னும் ஒரு மைல் இருக்கே பாய்!”

“காசே குடுக்க வேணாம்மா. ஒன்பது மணிக்கு மேல அந்த மதகைத் தாண்ட நம்மளால ஆகாது. அது அந்தப் பொண்ணு மவுத்தான எடம்.”

அந்தப் பொண்ணு செல்லக்கிளி. தாழம்பாடி வாழைத் தோட்டக்காரர் பெரியண்ணனின் பெண்டாட்டி. பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, திருச்சிக்குக் கொண்டுபோகிற வழியில், அந்த மதகருகே வண்டியிலேயே உயிர் போய்விட்டது. குழந்தை வெளியே வரவே இல்லை. பெரியண்ணன் அப்புறம் வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வந்தபோது ஜன்னலோரக் கட்டிலுக்கு அவர்தான் பணம் கொடுத்தார். தலைமாட்டில் ஒரு தகரப் பலகை: ‘செல்லக்கிளி கட்டில்’.

ஞாபகார்த்தம் என்று எழுதினால் பெயின்ட் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ! ஊர் ஜனங்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் தெரியுமா? அந்தக் கட்டில் செல்லக்கிளிக்கென்று போட்டது, அவள் வந்து படுக்கத்தான் காலியாகக் கிடக்கிறது என்று. காய்ச்சலில் கண் செருகிக் கிடப்பவன்கூட அதில் படுக்கமாட்டான்.

டோரதி இறங்கி அரிக்கேன் விளக்கோடு நடந்தாள். வேறு என்ன செய்வது? மதகைத் தாண்டினாள். தண்ணீர் சலசலத்தது. நாலு அடி வைத்திருப்பாள்... பின்னால் சத்தம்.

கடக்... கடக்... க்ரீச்ச்.

மாட்டு வண்டி. அச்சில் மசகு காய்ந்துபோன வண்டி. அவள் நின்றாள். அதுவும் நின்றது. விளக்கைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள்... வெறும் ரோடு. ஈர வைக்கோல் வாசனை வந்தது. அதோடு இன்னொரு வாசனை, கொஞ்சம் சூடான விளக்கெண்ணெய். மருத்துவச்சிகள் பிரசவ வயிற்றில் தடவுவது. அந்த வாசனை மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஓடவில்லை. வேகமாக நடந்தாள்.

கூடத்தில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாத கால் புண்ணோடு பிச்சமுத்து என்று ஒரு கிழவர், கை முறிந்த ஒருவன், முறைக்காய்ச்சலில் ஹாஜிரா என்று ஓர் அம்மாள். டோரதி வார்டு புத்தகத்தை விரித்தாள். நாலாம் வரி காலியாக இருந்தது. குமாஸ்தா சொன்னது காதிலேயே நின்றது. பேனாவைத் தொட்டுக்கொண்டு என்ன பெயர் எழுதுவது என்று தலையைத் தூக்கினாள். எதிரே தகரப் பலகை.

‘செல்லக்கிளி. வயது 19. பிரசவம்.’

எழுதியே விட்டாள். பொய்தான். ஆனால் யாருக்கு நஷ்டம்? பெயர் எழுதியாயிற்று என்றால் ஆகாரமும் எழுத வேண்டுமே. ‘பால், ஓர் ஆழாக்கு.’ எழுதியதைக் கொடுக்காமல் இருந்தால் புத்தகம் பொய்யாகிவிடும் என்பதுபோல, ஒரு டம்ளர் பாலை ஊற்றி அந்தக் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள். காலையில் பிச்சமுத்துக் கிழவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

காலையில் டம்ளர் காலி. கழுவிக் கவிழ்த்திருந்தது.

“ராசப்பா, உள்ளதைச் சொல்லு. பாலை நீ குடிச்சியா?”

“நல்லா கேட்டீங்கம்மா! அந்தக் கட்டில் பக்கம் தொடைப்பத்தைக்கூட நீட்டிப் புடிச்சுத்தான் கூட்டுறேன். நானா பாலைக் குடிப்பேன்?”

மறுநாள் நாலாம் வரியில் ‘அப்படியே’ என்று எழுதினாள். நோயாளியின் நிலை மாறாவிட்டால் அப்படித்தான் எழுதுவது வழக்கம். அன்று ராத்திரியும் வண்டிச் சத்தம் கேட்டது. மதகிலிருந்து கொஞ்சம் இப்பால் வந்து நின்றது. அடுத்த நாளும் ‘அப்படியே’. வண்டி புளியமரம் வரை வந்தது. அடுத்த நாளும் ‘அப்படியே’... வண்டி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடுகிற பொன்னி வாய்க்காலையும் தாண்டி வந்தது. தினமும் டம்ளர் கவிழ்ந்திருந்தது. யாரிடம் சொல்வாள்? சொன்னால் பொய் எழுதியதையும் சொல்ல வேண்டும். அடித்து எழுதலாம் என்றால், அடித்த மறுநிமிஷம் கட்டில் மூன்று, கதவு சாத்தல். அவளுக்கு அழுகையே வந்தது.

புதன்கிழமை. விடிந்தால் அதிகாரி வருகிறார். டோரதி ராசப்பனின் பெண்டாட்டி ரெங்கம்மாளைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுக்க முடியுமா என்று கெஞ்சினாள். “உங்களுக்காக வரேங்கம்மா. எம் மூணு புள்ளையும் உங்க கையில பொறந்ததுதானே” என்றாள் ரெங்கம்மாள்.

அன்று ராத்திரி பேய் மழை.

கடக்... கடக்... க்ரீச்ச். இந்தத் தடவை சத்தம் எங்கேயும் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி வாசலுக்கே வந்தது. மாடு மூச்சுவிட்டது. அப்புறம் கதவில்... தட்டுவதுகூட இல்லை, உள்ளங்கையால் அப்புவது. பத். பத். பிறகு ஒரு முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு, கீழ்த்தொண்டையிலிருந்து வருகிற முனகல். அந்த முனகலை அவள் இருநூறு தடவை கேட்டிருக்கிறாள். எந்த நேரமானாலும், எந்த மழையானாலும் எழுந்து ஓடியிருக்கிறாள். அன்று போகவில்லை. தன் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். பயத்தைவிட வெட்கம்தான் அவளை அதிகம் அறுத்தது.

காலையில் வாசல் கதவின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. ஹாஜிராம்மாள் கேட்டாள். “நேத்து ராத்திரி வந்த புள்ள யாரும்மா? வலியில கெடந்து துடிச்சிச்சே. நீங்க வருவீங்க வருவீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

டோரதி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாலாம் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. டம்ளர் கவிழ்ந்திருந்தது.

அதிகாரி நஜிமுதீன் சாகிப் பகல் பதினோரு மணிக்கு வர வேண்டியவர். மோட்டார் சேற்றில் மாட்டிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அதுவரை ரெங்கம்மாள் வரவே இல்லை. டோரதி கேட்டண்டை போய்ப் போய்ப் பார்த்துக் கால் கடுத்துப்போனாள். கடைசியில் அவர் வாசல் வராந்தாவில் ஷூவைத் துடைக்கிறபோது, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்... நாலாம் கட்டிலில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு ஒருத்தி படுத்திருந்தாள். அப்பாடா! பின்பக்கமாக வந்திருக்கிறாள் மகராசி என்று டோரதிக்கு உயிர் வந்தது.

சாகிப் தனியாகத்தான் உள்ளே போனார். நோயாளிகளிடம் பேசும்போது நர்ஸ் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவர் வழக்கம். ஒவ்வொரு கட்டிலாக நின்றார். நாலாம் கட்டிலில்தான் அதிக நேரம். குனிந்து ஏதோ கேட்டார், தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

“நாலு இருக்கு. நான் எழுதிடறேன், ஆஸ்பத்திரியை மூட மாட்டாங்க” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த ஜன்னலோரப் பொண்ணு... கை ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கு. ஒரு கம்பளி குடுக்கக் கூடாதா? ராத்திரி ரொம்ப நேரம் கதவைத் தட்டினாளாம். உள்ளே வெளக்கு எரிஞ்சுதாம், யாரும் தெறக்கலையாம். நர்ஸம்மா நல்லவங்கன்னு ஊர்ல சொன்னாங்களே, ஏன் தெறக்கலைன்னு என்கிட்ட கேக்கறா.”

மோட்டார் சத்தம் ஓய்கிற வரை டோரதி அசையவில்லை. அப்புறம் உள்ளே ஓடினாள். நாலாம் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஈரமாக இருந்தது.

மறுநாள் காலையில் ரெங்கம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள். “மன்னிச்சுக்குங்கம்மா. வாய்க்கால் ஒடைஞ்சு தெரு பூரா தண்ணி. நேத்து அவராலயும் என்னாலயும் ஒரு எட்டுகூட வெளியில வைக்க முடியலை.”

பன்னிரண்டு நாள் கழித்துத் தபாலில் உத்தரவு வந்தது. உதவித் தொகை மேலும் ஒரு வருஷத்துக்கு உண்டு. ராசப்பன் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தான், யாரோ சர்க்கரைகூடக் கொடுத்தார்கள். டோரதி மட்டும் உத்தரவோடு வந்திருந்த பரிசோதனைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அதில் கீழே, சாகிப் தன் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்.

‘நோயாளிகள் நால்வர். சிசு ஒன்று. சிசு இன்னும் அழவில்லை, உடனே கவனிக்கவும்.’

அன்று ராத்திரி அவள் எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போடவில்லை. பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி வைத்தாள். அலமாரியில் இருந்த பாலாடையை வெந்நீரில் கழுவினாள். பச்சைக் குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்ன வெள்ளிப் பாலாடை, அவள் அம்மா கொடுத்தது. அதையும் ஸ்டூலில் வைத்தாள். கம்பளியை மடித்துக் கால்மாட்டில் போட்டாள். மணி ஒன்பதரை. வண்டிச் சத்தம் இல்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன... சட்டென்று நின்றன.

பூனை கத்துவதுபோல, மெல்லிசாக, ஒரே ஒரு அழுகை.

இந்தத் தடவை டோரதி எழுந்து போனாள்.

அங்கே என்ன பார்த்தாள் என்று சாகிற வரை யாரிடமும் சொல்லவில்லை. தர்மராஜ் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டான். காலையில் ராசப்பன் வந்தபோது, நாலாம் கட்டிலருகே தரையில் சுவரில் சாய்ந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். இடது கை மட்டும் எதையோ ஏந்தினதுபோல வளைந்திருந்ததாம். “அம்மா, அம்மா” என்று குனிந்து எழுப்பப் போனவன் அப்படியே பின்வாங்கிவிட்டான்.

அவளுடைய வெள்ளைச் சட்டையில், இடது தோளில், குழந்தை கக்கின பால் திரிதிரியாக இருந்தது. இன்னும் காயவில்லை.