கடையத்துக்குப் போகாத ஆர்கன்

அருவியில் குளித்துவிட்டு வருகிறவனுக்கு எதைப் போட்டாலும் ருசிக்கும். அவனை நம்பித்தான் குற்றாலத்தில் லாட்ஜும் மெஸ்ஸும் நடத்துகிறேன். பெயர் பரமசிவன், ஊர் இலத்தூர். எழுதிக்கொள்ளுங்கள் சார்.

மெஸ்ஸை ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிய சர்ச் ஒன்று இருந்தது. சபையார் புதுக் கட்டடத்துக்குப் போனதும் அதை லாட்ஜாக்க வாங்கினேன். உள்ளே சுவர் உயரத்துக்கு, குழாய்களில் காற்றடித்து வாசிக்கிற ஒரு பைப் ஆர்கன். பத்திரத்தில் அதுவும் சேர்த்தி. பத்திரத்தில் இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்தவர் ஞானதுரை. நாற்பது வருஷம் அதை வாசித்த கிழவர், குடும்பம் கிடையாது.

"கடையத்து சபைல இந்த ஆர்கனக் கேக்காவ மொதலாளி. கொஞ்சம் பொறுங்க" என்றார். நான் பதில் சொல்லுமுன் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். பழம்பொருளாம், இடிக்கக் கூடாதாம். ஒரு சாரல் சீசன் முழுக்க வேலை நின்றது, ஊதுகிற பெட்டி ஒன்றுக்காக. நான் கோபப்படவில்லை. கோபப்படவும் ஆள் ஒரு தரமாக இருக்க வேண்டும்.

மனு தள்ளுபடியானது. மரப்பெட்டியை அறுத்து ரிசப்ஷன் மேஜை செய்தேன். குழாய்கள் குடோனில் பத்திரமாக இருக்கின்றன, கடையத்து வண்டி வந்தால் அவரே ஏற்றிவிடலாம் என்று சொன்னேன். என் கையைப் பிடித்து அழுதார். மனு எழுதிய அதே கையால்.

"பாதி வெள்ளீயம், பாதி காரீயம் மொதலாளி. அதான் அந்தக் குரலு. சின்னப் பிள்ளைக குழாய வாயில வச்சிராம பாத்துக்கிடுங்க, காரீயம் வெசம்" என்று அவரே சொன்னார்.

ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி மணம் உண்டு. சொம்பு சுத்த வெள்ளீயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு குழாயைக் கொடுத்து ஒரு சொம்பு வார்க்கச் சொன்னேன். ஆசாரி, கலப்படம், சமையலுக்கு ஆகாது என்றார். அழகுக்கு வைக்க என்றேன். மீதிக் குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

தினமும் மதியம் ஞானதுரை வண்டி வந்ததா என்று கேட்க வருவார். "வரும் ஐயா, சாப்பிடுங்க" என்பேன். ஒன்றுமறியாத சமையல்காரி மாடத்தி, நான் சொன்னபடி அந்தச் சொம்பில் புளி தூக்கலாக ரசம் வைத்துத் தருவாள். ஜெபம் செய்துவிட்டு இரண்டு டம்ளர் குடிப்பார். "கர்த்தர் ஒங்கள ஆசீர்வதிப்பாரு மொதலாளி." தன் ஆர்கனையே குடிக்கிறோம் என்று தெரியாத மூளைக்கு இவ்வளவு சங்கீதம் எதற்கு?

எட்டு மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு இரண்டு மணிக்கட்டும் துவண்டு தொங்கிவிட்டன. "இனி வண்டி வந்தாலும் வாசிக்க ஏலாது" என்று சிரித்தார். மாடத்தி ஊட்டிவிட்டாள். போன மாதம் செத்தார்.

ரத்தத்தில் காரீயம் என்று டாக்டர் கண்டுபிடித்ததைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

சொம்பை எடுத்துப் போங்கள். மெஸ்ஸுக்கு சீல் வைப்பது மட்டும் அநியாயம். மற்ற எல்லாருக்கும் எவர்சில்வரில்தான் ரசம். என் மெஸ்ஸில் சாப்பிட்டு ஒரு வாடிக்கையாளருக்கும் இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஞானதுரை ஓசியில் சாப்பிட்டவர்.