அழாத பிள்ளை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்குப் பக்கத்து சீட்டில், பிறந்து எட்டு நாளான ஆண்பிள்ளையை மடியில் வைத்திருந்தாள் ஒருத்தி. அவள் புருஷன் யாரிடமோ பெருமையாகச் சொன்னான்: "நேத்திலேருந்து ஒரு தடவகூட அழலைங்க."

முன்சீட்டில் வெள்ளை யூனிஃபார்மில் இருந்த நர்ஸம்மா சட்டென்று திரும்பினாள். "பால் குடிச்சானா?"

"தூங்கறான்னு எழுப்பலைங்க," என்றான் புருஷன்.

நர்ஸம்மா குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு இருக்கே! துணியை அவுத்து, உன் நெஞ்சோட ஒட்ட வெச்சு, முந்தானையால மூடும்மா. உள்ளங்காலைச் சுண்டி எழுப்பு. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை எழுப்பியாவது பால் குடுக்கணும்."

தாய் அப்படியே செய்து, உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை மெல்லச் சிணுங்கியது.

சூளகிரி வந்ததும் புருஷன் எழுந்தான். "நம்ம ஊரு வந்திருச்சு, எறங்கு."

"சிணுங்குனா மட்டும் போதாது, டாக்டர் பாக்கணும். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றாள் நர்ஸம்மா.

"ஊட்ல பாத்துக்கறோங்க."

அதுவரை வாய் திறக்காதவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "நீ வேணா எறங்கு. நான் எறங்கல."

அவன் உட்கார்ந்தான்.