கட்டார் மிஷினும் வவுனியா மிஷினும்

– முந்நூத்திப் பதினெட்டு. முன்ஸிர்ர வாப்பா, கண்ணாடியப் போட்டுட்டு நீங்களே பாருங்க. டொக்டர் என்ன சொன்னவர்? ரத்தத்தில சீனி முந்நூறைத் தாண்டினா நோன்பை விடச் சொன்னவர்தானே?

– அது நீ வவுனியாவில வாங்கின மிஷின் சொல்ற கதை, ஜொஹறா. மகன் கட்டார்ல இருந்து அனுப்பினதைப் பார். இருநூத்தி அறுபத்திரண்டு. நான் நல்ல சுகம்.

– ஒரே விரல், ஒரே ரத்தம். அதுக்கு ரெண்டு கணக்கா?

– அதுதான் சொல்றன், ஒண்டு பொய் சொல்லுது. உன்ர மிஷின்.

– ஏன், உங்கட மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதோ? அதில ரத்தம் தொடுற ஸ்ட்ரிப் டப்பாவ மூடாம குசினி ஜன்னல்ல வச்சது ஆரு? காத்துப் பட்டா ஸ்ட்ரிப் பழுதாகும் எண்டு பாமசிக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன்.

– உன்ர ஸ்ட்ரிப் மட்டும் என்ன? வவுனியாவில இருந்து முல்லைத்தீவு வரைக்கும் பஸ்ஸுக்க வெயிலில வெந்துகொண்டு வந்தது.

– கை கழுவினீங்களா? பள்ளிவாசலுக்குக் குடுக்கப் பேரீச்சம்பழம் பொதி கட்டின கை. விரலில ஒட்டின இனிப்பும் சேந்துதான் கணக்கில வரும்.

– சோப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டன். கழுவாட்டியும் ரெண்டு மிஷினுக்கும் ஒரே இனிப்புத்தானே போகும்? கதைக்க வந்திட்டா.

– உங்கட நியாயம் எனக்கு வேணாம். நோன்பை விடுங்க. வருத்தக்காரருக்கு அல்லா சலுகை தந்திருக்கான். ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாச் சரி.

– ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில முகாமில, கொட்டிலுக்க கிடந்த காலத்திலயே ஒரு நோன்பு விட்டனா? ஊருக்குத் திரும்பி, பள்ளியையும் கட்டி எழுப்பிப்போட்டு, இப்ப ஒரு இலக்கத்துக்குப் பயந்து பட்டப்பகலில சோறு தின்னவா? வெக்கக்கேடு.

– போன கிழமை பள்ளிப் படியில தலை சுத்தி இருந்தீங்களாம். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களா?

– சரி, சண்டை வேணாம். உன்ர விரலைக் காட்டு.

– என்ர விரல் எதுக்கு?

– உனக்குத்தான் சீனி வருத்தம் இல்லையே. விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத்தண்ணி வாயில வைக்கேல்ல. உன்ர ரத்தத்துக்கு எது நூறுக்குக் கிட்டக் காட்டுதோ அதுதான் நேர்மையான மிஷின். அது சொல்றத நான் கேக்கிறன்.

– கேப்பீங்களா? சத்தியமா?

– வல்லாஹி.

– ரத்தம் எடுத்தா என்ர நோன்பு முறியாதா?

– முறியாது. மௌலவிட்டக் கேட்டுட்டுத்தானே நானும் குத்துறன். கையத் தா.

– மெல்ல... உம்மா!

– இந்த ஊசிக்கா இவ்வளவு சத்தம்? ஆறு பிள்ள பெத்தவள். பொறு, கட்டார் மிஷின்ல வருது.

– எவ்வளவு? ஏன் மிஷின மறைக்கிறீங்க?

– விரலத் துடைச்சிட்டு மற்றதுக்கும் ஒரு துளி தா.

– சொல்லுங்களன்.

– கட்டார், நானூத்தி நாலு. வவுனியா, நானூத்திப் பதினொண்டு.

– அல்ஹம்துலில்லாஹ், அப்ப ரெண்டும் பழுது! நூறு காட்டாட்டிப் பொய் எண்டு நீங்கதானே சொன்னீங்க? கொண்டுபோய்க் குப்பையில போடுங்க.

– ஜொஹறா, இரவிரவா எழும்பித் தண்ணி குடிக்கிறாய். கேட்டா நோன்புச் சூடு எண்டுறாய். கண் மங்குது எண்டு குர்ஆன் ஓதுறதையும் குறைச்சிட்டாய்.

– அது வயசு.

– என்ர ரத்தத்தில சண்டை பிடிக்கிற மிஷினுகள் உன்ர ரத்தத்தில ஒத்துப் போகுதுகள். எனக்குப் பயமா இருக்கு. எழும்பு, இந்தத் தண்ணியக் குடி. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவம்.

– மாட்டன். நோன்பில பெரிய இரவு, இருபத்தேழாம் இரவு வருது. நீங்க நோன்போட இருக்க நான் மட்டும் பட்டப்பகலில தண்ணி குடிக்கவா?

– உனக்கு விளங்கேல்லயா? நானூறு!

– உங்கட மிஷினுக்கு இருநூத்தி அறுபத்திரண்டு. நீங்க நோன்பாளி. நானும் நோன்பாளி. கதை முடிஞ்சுது.

– எனக்கு முந்நூத்திப் பதினெட்டு எண்டே வை. இந்தா பார், நான் குடிச்சிட்டன். இனி நீ குடி.